கொஞ்சம் டிம் பண்ணுங்க ஸார்!

கார் வைத்திருப்பவரா நீங்கள்? இந்தப் பத்திரிகையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஒரு நடை கீழே போய் வண்டிக் கதவைத் திறந்து பாருங்கள். ஸ்டியரிங்குக்கு வலது பக்கம், முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே, ஒரு குட்டி உருளை இருக்கும். விரலால் உருட்டலாம். 0, 1, 2, 3 என்று நம்பர் போட்டிருக்கும். பக்கத்தில் ஒரு விளக்குப் படம். (சில விலை உயர்ந்த கார்களில் இது தானாகவே நடக்கும். அவர்கள் மேலே வந்து படிப்பைத் தொடரலாம்.)

“இது எதுக்கு?” என்று ஒரு கல்யாண வீட்டில் கார் வைத்திருக்கிற உறவுக்காரர்களை வரிசையாகப் பிடித்துக் கேட்டேன். பந்திக்கு இன்னும் அரை மணி இருந்தது. எல்லோருக்கும் பொழுது போகவேண்டியிருந்தது.

“மீட்டர் விளக்கைக் கூட்டிக் குறைக்க” என்றார் சித்தப்பா. “ஏ.ஸி. காத்து காலுக்கு வர்றதுக்கு” என்றான் மச்சான். மாப்பிள்ளையின் சிநேகிதர், கம்ப்யூட்டர் ஆசாமி, “டிரைவிங் மோட்” என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு நகர்ந்தார். ஒரு பெரியவர் மட்டும் நேர்மையாக, “அதுவா? வண்டி வாங்கின நாள்லேர்ந்து ரெண்டுலதான் இருக்கு. நல்லா ஓடுது. எதுக்குத் தொடணும்?” என்றார்.

சரியான பதில் சமையல் சாமான் ஏற்றிக்கொண்டு வந்த வேன் டிரைவரிடமிருந்துதான் கிடைத்தது. அவர் வேனில் அந்த உருளையே கிடையாது. “லோடு ஏத்தினா பின்னாடி அமுங்கும், லைட்டு மேலே தூக்கிக்கும் ஸார். அதை இறக்கறதுக்கு வெச்சிருக்கான்” என்றார், வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு.

அவ்வளவுதான் விஷயம். ஆனால் அந்த ‘தூக்கிக்கும்’ என்பது எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. பயப்படுத்துவதற்கு முன்னால் விளக்கைப் பற்றி நாலு வார்த்தை.

காரின் ஹெட்லைட்டில் இரண்டு உத்தியோகம் இருக்கிறது. ஒன்று ஹை பீம். நம் பாஷையில் ‘பிரைட்’. நேராக, தூரமாக, எதிரில் யாருமே இல்லை என்ற நம்பிக்கையில் அடிப்பது. இன்னொன்று லோ பீம், அதாவது ‘டிம்’. எதிரில் மனிதர்கள் உண்டு என்ற ஞாபகத்தோடு தலையைக் குனிந்துகொண்டு போவது. பலரும் டிம் என்றால் வெளிச்சம் குறைவு என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சாதாரணமாகப் பல கார்களில் இருக்கும் ‘எச்-4’ ஹாலஜன் பல்பில் பிரைட்டுக்கு 60 வாட்ஸ், டிம்முக்கு 55 வாட்ஸ். வித்தியாசம் வெறும் ஐந்தே வாட்ஸ். மாறுவது திசைதான்.

லோ பீமுக்கு மேலே ஒரு எல்லைக்கோடு உண்டு. அதற்குக் கீழே நல்ல வெளிச்சம், மேலே இருட்டு. சுவரில் அடித்துப் பார்த்தால் கத்தரித்த மாதிரி தெரியும். வலது பக்கம் படுக்கையாகப் போகும் கோடு, இடது பக்கம் ஒரு வாய்க்கால் வரப்பு போல மேலே ஏறும். காரணம் சுலபம். நாம் இடது பக்கம் போகிற தேசம். வலது பக்கத்தில் எதிரே வருகிறவன் கண் இருக்கிறது, அங்கே தாழ்வாக இருக்கவேண்டும். இடது ஓரத்தில் சைக்கிள்காரர், மைல்கல், மாடு. அங்கே கொஞ்சம் தூரம் தெரியவேண்டும். இந்த ஒருதலைப்பட்சமான லோ பீம் ஐரோப்பாவில் 1957-ல் வந்தது. இங்கிலாந்துக்காரர்கள் படகில் காரை ஏற்றி பிரான்ஸில் இறங்கினால் அங்கே போக்குவரத்து வலது பக்கம். வரப்பு தப்பான பக்கம் ஏறி எதிராளி கண்ணில் குத்தும். அதனால் விளக்கின் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு போவார்கள்.

ஸ்டிக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. நம் ஊரிலும் ஹெட்லைட்டில் கறுப்பு வைக்கும் ஒரு சடங்கு நீண்ட காலம் இருந்தது. சில பேர் மேல் பாதி முழுக்க கறுப்புப் பெயிண்ட் அடிப்பார்கள். சில இடங்களில் போலீஸ்காரரே நிறுத்தி நடுவில் திருஷ்டிப்பொட்டு மாதிரி ஒரு கறுப்பு வட்டம் ஒட்டி அனுப்புவார். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த பல்புக்குள்ளே என்ன இருக்கிறது என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

எச்-4 பல்பை (1971-ல் வந்தது) கையில் எடுத்துப் பாருங்கள். கண்ணாடியைத் தொடாதீர்கள்; விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் சூட்டில் பல்பு சீக்கிரம் போய்விடும். உள்ளே இரண்டு இழை. டிம்முக்கான இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகக் கிண்ணம். இழையிலிருந்து கீழ்நோக்கிப் போகும் வெளிச்சத்தை அந்தக் கிண்ணம் மறைத்துவிடும். மேல்நோக்கிப் போவது மட்டும் பின்னாலுள்ள குழிக்கண்ணாடியின் மேல் பாதியில் பட்டு, அங்கிருந்து கீழ்நோக்கித் திரும்பி ரோட்டுக்கு வரும். ஆக, டிம் வெளிச்சம் முழுக்க விளக்கின் மேல் பாதியிலிருந்துதான் வருகிறது!

மேல் பாதிக்கு பெயிண்ட் அடித்தால் என்ன ஆகும்? டிம் செத்துப்போகும். பிரைட் பாதி உயிரோடு இருக்கும். டிரைவர் பாவம், டிம்மில் ஒன்றும் தெரியாமல் ராத்திரி பூரா பிரைட்டிலேயே போவார். நடுவில் வைத்த பொட்டோ, பல்பின் நுனிக்கு நேர் எதிரே இருக்கும். அந்த நுனியில் கம்பெனிக்காரனே கறுப்புப் பூச்சு பூசித்தான் அனுப்புகிறான். கறுப்புக்கு முன்னால் இன்னொரு கறுப்பு!

சட்டம் என்னவோ விவரமாகத்தான் இருக்கிறது. 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு கண்ணுக்கு இடம் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள்: விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள கண் கூசக்கூடாது. பெயிண்ட் டப்பாவைப் பற்றி யோசித்த நேரத்தில் விளக்கை ஒழுங்காகக் குனிய வைத்திருந்தால் போதும்.

எவ்வளவு குனிய வேண்டும்? பல கார்களில் பானெட்டைத் திறந்தால் விளக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். 1 சதவீதம், 1.2 சதவீதம் என்று ஏதோ ஒன்று போட்டிருக்கும். 1 சதவீதம் என்றால் 10 மீட்டர் தூரத்துக்கு 10 சென்டிமீட்டர் சரிவு. விளக்கு தரையிலிருந்து 65 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் எல்லைக்கோடு 65 மீட்டர் தூரத்தில் தரையைத் தொடும். அதுதான் உங்கள் டிம்மின் ராஜ்ஜியம்.

இப்போது அந்த வேன் டிரைவரின் ‘தூக்கிக்கும்’ கணக்குக்கு வருவோம். நாகர்கோவிலுக்குக் குடும்பத்தோடு கிளம்புகிறீர்கள். பின் சீட்டில் மூன்று பேர். டிக்கியில் இரண்டு சூட்கேஸ், அரிசி மூட்டை, அத்தை கொடுத்தனுப்பிய தேங்காய். பின்பக்கம் 5 சென்டிமீட்டர் அமுங்குகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடைவெளி இரண்டரை மீட்டர் என்று வையுங்கள். 250-க்கு 5 என்றால் 2 சதவீதம். கீழே 1 சதவீதம் குனிந்திருந்த விளக்கு மேலே 1 சதவீதம் நிமிர்ந்துவிட்டது. 50 மீட்டர் தூரத்தில் அந்தக் கோடு 115 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். எதிரே வரும் கார் டிரைவரின் கண் கிட்டத்தட்ட அதே உயரத்தில்தான் இருக்கிறது. நீங்கள் டிம் போட்டுக்கொண்டு கண்ணியமாகப் போகிறீர்கள். எதிராளி உங்களைத் திட்டுகிறார். “டிம்லதானே போறேன், இவனுக்கென்ன வந்தது?” என்று நீங்கள் அவரைத் திட்டுகிறீர்கள். தப்பு தேங்காயில்!

அதற்குத்தான் அந்த உருளை. முன்னால் ஒருவர் இருவர் மட்டும் என்றால் 0. ஆள் ஏற ஏற, சுமை ஏற ஏற 1, 2, 3. எந்தச் சுமைக்கு எந்த நம்பர் என்று வண்டியோடு கொடுத்த புஸ்தகத்தில் இருக்கும். (ஆமாம், அந்தப் புஸ்தகம். கையுறைப் பெட்டியில் பிளாஸ்டிக் கவர்கூடப் பிரிக்காமல் இருக்கிறதே, அதேதான்.) கல்யாண வீட்டுப் பெரியவர் மாதிரி எப்போதும் 2-லேயே விட்டுவைத்தால் தனியாகப் போகும்போது பத்தடிக்கு மேல் தெரியவில்லையே என்று பிரைட் போடத் தோன்றும்.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம், கொஞ்ச நேரம் கண் கூசும், அவ்வளவுதானே என்று கேட்பவர்களுக்கு ஒரு ராத்திரியைச் சொல்கிறேன்.

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்கு வாடகைக் காரில் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் நான். ஒரத்தநாடு தாண்டியாகிவிட்டது. சாயங்காலம் மழை பெய்து ரோட்டோர மண் சேறாகியிருந்தது. எதிரே ஒரு வண்டி, வெள்ளை வெளேர் என்று நாலு விளக்கோடு. எங்கள் டிரைவர் இரண்டு தடவை டிப் அடித்துப் பார்த்தார். பதில் இல்லை. மூன்றாவது தடவை அவர் அடிக்கவில்லை. காலை எடுத்து பிரேக்கில் வைத்து, வண்டியை நடை வேகத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். எதற்கு இவ்வளவு, ரோடு காலியாகத்தானே இருந்தது என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த வண்டி எங்களைக் கடந்தது. கண்ணுக்குள் பச்சையாக ஒரு பந்து மிதந்து, மெதுவாகக் கரைந்தது. கரைந்த இடத்தில், எங்கள் பானெட்டுக்கு முன்னால் பதினைந்தடியில், ஒரு பெண். இடுப்பில் குழந்தை, கையில் தூக்குச்சட்டி. சேற்றுக்குப் பயந்து தார் ரோட்டின் மேல் ஏறி நடந்துகொண்டிருந்தவர், அவரும் கண் கூசி முழங்கையால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றிருந்தார். குழந்தை எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் ஓரமாக நகர்ந்து எங்களுக்கு வழிவிட்டார், ஏதோ அவர் பேரில்தான் தப்பு என்பது போல. டிரைவர் கண்ணாடியை இறக்கி, “பாத்துப் போ தாயி” என்றார்.

“எப்படி அண்ணே பார்த்தீங்க?” என்று கேட்டேன்.

“நான் எங்க ஸார் பார்த்தேன்? ஒண்ணுமே தெரியல. எதிர் லைட்டு அடிச்சா அந்த வெளிச்சத்துக்குள்ள ஒரு ஆள் நிக்கறார்னே வெச்சுக்கணும். அப்படித்தான் எங்க மொதலாளி சொல்லிக்கொடுத்தாரு.”

அவர் சொன்னது விஞ்ஞானம். இரண்டு வண்டிகளின் வெளிச்சம் சந்திக்கிற இடத்தில் நிற்கும் மனிதர் இரண்டு டிரைவர்களுக்கும் மறைந்துபோவார். பலமான வெளிச்சம் கண்ணுக்குள் போய்ச் சிதறி, ஒரு வெள்ளைத் திரையைப் போட்டுவிடுகிறது. திரைக்குப் பின்னால் மங்கலாக உள்ளது எதுவும் தெரியாது. வண்டி கடந்த பிறகும் கண் பழைய நிலைக்கு வர சில விநாடிகள் ஆகும். வயது ஏற ஏற இன்னும் அதிக நேரம்; கண்புரை ஆரம்பித்திருந்தால் கேட்கவே வேண்டாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்கு 22 மீட்டர் போகிறோம். மூன்று விநாடி குருடு என்றால் 66 மீட்டர். ஒரு தெரு நீளத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுகிற மாதிரி.

இதில் ‘அவனுக்குக் கண் கூசினால் எனக்கென்ன’ என்கிற ஆசாமிகளுக்காக ஒரு சின்னத் தகவல். அந்த மூன்று விநாடியும் அவன் உங்களை நோக்கித்தான் வந்துகொண்டிருக்கிறான்.

அதே கணக்கை இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த ரோட்டில், நல்ல பிரேக் உள்ள கார்கூட, ஆபத்தைப் பார்த்து, காலை மாற்றி, மிதித்து நிற்பதற்குள் 60, 70 மீட்டர் ஓடிவிடும். டிம்மின் ராஜ்ஜியம் 65 மீட்டர் என்று பார்த்தோம். 100-ல் போனால் 85 மீட்டருக்கு மேல் வேண்டும். அதாவது டிம்மில் தெரிகிற தூரத்துக்குள் வண்டி நிற்காது. அதனால் பிரைட் போடுவதே பாவம் என்று நான் சொல்லவரவில்லை. இருட்டான காலி ரோட்டில் பிரைட் போட்டுத்தான் ஆகவேண்டும். அதற்குத்தான் கொடுத்திருக்கிறார்கள். எதிரே ஒரு வெளிச்சம் எட்டிப் பார்த்ததும் இறக்கவேண்டும். இறக்கியதோடு வேகத்தையும் இறக்கவேண்டும். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

நம் ஆட்கள் முதல் பாதியிலேயே தகராறு செய்கிறார்கள். “அவன் மொதல்ல டிம் பண்ணட்டும்.” இரண்டு பேரும் அப்படியே நினைத்தால்? 300 மீட்டர் இடைவெளியில், ஆளுக்கு 80-ல் வந்தால், சந்திக்க ஏழு விநாடிகூட இல்லை. அதற்குள் மானப் பிரச்னையை எப்படித் தீர்ப்பது! இன்னும் சிலர் பழிவாங்கும் சங்கம். எதிராளி இறக்கவில்லை என்றால் இவர்களும் ஏற்றிவிடுவார்கள். ஒரு குருடன் வந்துகொண்டிருக்கிற ரோட்டில் இரண்டு குருடர்கள் ஆயிற்று.

லாரிகளின் முதுகில் ‘யூஸ் டிப்பர் அட் நைட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வாசகம் எவ்வளவு பிரசித்தம் என்றால், 2016-ல் லாரி டிரைவர்களுக்காகக் கொண்டுவந்த ஓர் ஆணுறைக்கு ‘டிப்பர்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். டிப்பர் ஸ்விட்ச் பழைய அம்பாசடர் கார்களில் கிளட்சுக்கு இடது பக்கம் தரையில் இருந்தது. இடது காலால் ஒரு மிதி மிதித்தால் டிம், இன்னொரு மிதியில் பிரைட். இரவெல்லாம் தையல் மெஷின் ஓட்டுவது போல மிதித்துக்கொண்டே போவார்கள். இப்போது விரல் நுனியில் இருக்கிறது. உழைப்பு குறைந்ததும் உபயோகமும் குறைந்துவிட்டதோ என்னவோ.

டேஷ்போர்டில் குட்டியாக ஒரு நீல விளக்கு எரிந்தால் பிரைட்டில் போகிறீர்கள் என்று அர்த்தம். அது அலங்காரத்துக்கு வைத்ததல்ல. அண்ணா சாலையில் தெருவிளக்குகள் பட்டப்பகல் போல எரியும்போதும் நீல விளக்கோடு போகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன்.

நாலு வழிச் சாலைகளில் இன்னொரு நினைப்பு: நடுவில்தான் தடுப்பு இருக்கிறதே, பிரைட் போட்டால் என்ன? அந்தத் தடுப்பில் அரளிச்செடி வைத்திருப்பது சாமிக்குப் பூப்பறிக்க அல்ல, எதிர் வெளிச்சத்தை மறைக்கத்தான். ஆனால் செடி பட்டுப்போன இடங்களும், திரும்புவதற்கு விட்ட இடைவெளிகளும் உண்டு. தவிர, முன்னால் அதே திசையில் போகிறவனுக்கு அரளி எப்படி உதவும்? உங்கள் பிரைட் அவன் கண்ணாடியில் பட்டு அவன் கண்ணில் விழுகிறது. அப்படி மாட்டிக்கொள்பவர்களுக்கு ஒரு உபாயம்: உள்ளே நடுவில் இருக்கும் பின்பக்கக் கண்ணாடிக்கு அடியில் ஒரு குட்டி நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒரு தட்டு தட்டினால் வெளிச்சம் பெருமளவு குறைந்து, பின்னால் வரும் வண்டி மட்டும் மங்கலாகத் தெரியும். அந்த உருளைக்கு அடுத்தபடி யாரும் தொடாத சாதனம் இதுதான்.

டூவீலர்காரர்கள் தப்பிக்க வேண்டாம். 2017 ஏப்ரலிலிருந்து புது மோட்டார் சைக்கிள்களில் விளக்கு பகலிலும் எரிந்தபடிதான் வருகிறது. ஐந்து விரலையும் குவித்துக் குவித்து விரித்து “லைட் எரியுது” என்று ஜாடை காட்டும் பரோபகாரிகள் இதனால் வேலையிழந்தார்கள் (எங்கள் தெருவில் ஒருவர் இன்னும் காட்டிக்கொண்டிருக்கிறார்). எரிவது சரி, ஆனால் அது டிம்மில் எரியட்டும். இடது கட்டைவிரலுக்குப் பக்கத்திலேயே ஸ்விட்ச் இருக்கிறது.

இந்தக் கஷ்டமெல்லாம் போதாது என்று வெள்ளை பல்பு வியாபாரம் வேறு. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கார் அலங்காரக் கடைகளில் ஏறி இறங்கினால் போதும், “ஸார், எல்.ஈ.டி. போட்டுக்குங்க, ரோடு பளிச்சுனு இருக்கும்” என்பார்கள். கம்பெனியே எல்.ஈ.டி.க்கென்று வடிவமைத்துக் கொடுத்த விளக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஹாலஜனுக்காகச் செய்த குழிக்கண்ணாடியில் எல்.ஈ.டி. பல்பைச் செருகுவதுதான் வம்பு. அந்தக் குழி, இழை இந்த இடத்தில், இந்தக் கனத்தில் இருக்கும் என்று கணக்குப் பண்ணிச் செய்தது. அங்கே வேறு உருவத்தில், வேறு இடத்திலிருந்து வெளிச்சம் கிளம்பினால் அந்தக் கத்தரித்த எல்லைக்கோடு கலைந்துபோகும். வெளிச்சம் மரக்கிளை, மாடி வீடு என்று மேலெல்லாம் சிதறும். பக்கத்து ரோடு பளிச்சென்று இருப்பதால் உங்களுக்குத் திருப்தி. தூரத்தில் வருகிறவனுக்கு அபிஷேகம். 60/55-க்குப் பதில் 100/90 வாட்ஸ் பல்பு போடுவதும் இதே ரகம். கூடவே ஹோல்டர் உருகும் வாசனை இலவசம்.

புது பல்பு வாங்கும் காசை மிச்சம் பிடித்து, இருக்கிற விளக்கைச் சரியாகத் திருப்பி வைத்தாலே பாதிப் பேருக்கு ரோடு தெரிய ஆரம்பித்துவிடும். ஒரு சுவர், ஒரு சாக்பீஸ், ஒரு டேப் போதும். மனைவியோ மகனோ கூட இருந்தால் சௌகரியம்.

சமதரையாகப் பார்த்துக்கொள்ளுங்கள். டயரில் சரியான காற்று, டிக்கி காலி, உருளை 0-ல், டிரைவர் சீட்டில் ஒரு ஆள். காரைச் சுவருக்கு ஒட்டினாற்போல் நேராக நிறுத்தி, இரண்டு விளக்கின் மையத்துக்கும் நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒரு கூட்டல் குறி போடுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு படுக்கைக்கோடு. அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு. இப்போது வண்டியை நேராகப் பின்னுக்கு எடுத்து, விளக்குக்கும் சுவருக்கும் 10 மீட்டர் வருமாறு நிறுத்துங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் அவ்வளவு இடம் ஏது? 5 மீட்டர் போதும், ஆனால் கீழ்க்கோடு 5 சென்டிமீட்டரில் இருக்கவேண்டும். உங்கள் ஸ்டிக்கரில் 1.2 சதவீதம் என்றிருந்தால் 10-க்கு 12.

இருட்டியதும் டிம் போட்டு, ஒரு விளக்கை அட்டையால் மறைத்து மற்றதைப் பாருங்கள். வெளிச்சத்தின் படுக்கையான வலது பகுதி கீழ்க்கோட்டின் மேல் உட்கார வேண்டும். வரப்பு ஏற ஆரம்பிக்கும் முனை அந்த விளக்கின் கூட்டல் குறிக்கு நேர் கீழே இருக்கவேண்டும். இல்லையென்றால் பானெட்டுக்குள்ளே விளக்குக்குப் பின்னால் இரண்டு திருகு இருக்கும். ஒன்று மேலே கீழே, இன்னொன்று இடம் வலம். கால் திருகல் திருகிப் பார்த்து, சுவரைப் பார்த்து, மறுபடி கால் திருகல். எது எதற்கென்று மறந்துபோனாலும் சுவர் சொல்லிவிடும். இரண்டு விளக்குக்கும் சேர்த்துக் கால் மணி வேலை. வாட்ச்மேன் வந்து “என்ன ஸார், சுவத்துல கோலம் போடறீங்க?” என்று விசாரிப்பார். அவருக்கும் சொல்லிக்கொடுங்கள்.

இதற்குப் பொறுமை இல்லாதவர்கள் சர்வீஸுக்கு விடும்போது கேட்டு வாங்கலாம். சக்கரம் வைத்த ஒரு பெட்டியை விளக்குக்கு முன்னால் நிறுத்திப் பார்ப்பார்கள். வீல் அலைன்மென்ட்டை ஞாபகமாகக் கேட்கிறோம், ஹெட்லைட் அலைன்மென்ட்டை யாரும் கேட்பதில்லை. கேட்காததைச் செய்ய அவர்களுக்கென்ன தலையெழுத்தா? பல்பு மாற்றினாலோ, முன்னால் எங்காவது இடித்து பம்பரைக் கழற்றி மாட்டினாலோ, ஸ்பிரிங் மாற்றினாலோ கட்டாயம் பாருங்கள்.

சுத்தமும் முக்கியம். ஆயுத பூஜைக்கு ஹெட்லைட்டில் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், சரி. அதை தீபாவளி வரைக்கும் வைத்திருக்க வேண்டுமா? சந்தனம் காய்ந்து வெளிச்சத்தைச் சிதறடிக்கும். முன் கண்ணாடியின் உள்பக்கத்தை என்றைக்காவது துடைத்திருக்கிறீர்களா? வெயிலில் டேஷ்போர்டிலிருந்து ஆவியாகிப் படிந்த பிசுக்கு அங்கே இருக்கும். பகலில் தெரியாது. ராத்திரி எதிர் வெளிச்சம் பட்டால் கண்ணாடி முழுக்கப் பால் ஊற்றின மாதிரி ஆகிவிடும். எதிராளி மேல் போடும் பழியில் பாதி இந்தப் பிசுக்குக்குச் சேர வேண்டியது.

எல்லாம் செய்தும் எதிரே ஒருவன் பிரைட்டோடு வந்தால்? அவன் விளக்கைப் பார்க்காதீர்கள். இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பாருங்கள். பாருங்கள் என்றுதான் சொன்னேன், அங்கே போகச் சொல்லவில்லை. ஓரத்தில்தான் தூக்குச்சட்டியோடு ஆள் இருப்பார்கள். காலை எடுத்துவிடுங்கள். பனியிலும் பிரைட் உதவாது. கொடைக்கானல் மேகத்துக்குள் பிரைட் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் முகத்திலேயே அடிக்கும். மலை வளைவுகளில் மட்டும் ஒரு சௌகரியம் உண்டு. வால்பாறை ரோட்டின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் பகலைவிட ராத்திரி சில பேர் நிம்மதியாக ஏறுவதற்குக் காரணம், வண்டி வருவதற்கு முன்னால் அதன் வெளிச்சம் வளைவில் வந்து தகவல் சொல்லிவிடும். வளைவுக்கு முன்னால் ஒரு தடவை டிப் அடித்தால் எதிராளிக்கும் தகவல் போகும்.

ஆனால் டிப் அடிப்பதற்கு என்ன அர்த்தம் என்பதில் உலகத்துக்குள் ஒற்றுமை இல்லை. இங்கிலாந்து ரோடுகளில் விளக்கைச் சிமிட்டினால் பெரும்பாலும் ‘நீங்க போங்க’ என்ற மரியாதையாக எடுத்துக்கொள்கிறார்கள். (அவர்கள் ஊர் விதிப் புஸ்தகம், ‘நான் இருக்கிறேன்’ என்று தெரிவிக்க மட்டும் சிமிட்டு என்கிறது. புஸ்தகத்தை அங்கேயும் யாரும் படிப்பதில்லை போலிருக்கிறது.) நம் ஊரில் அதன் அர்த்தம், ‘நான் வரேன், நில்லு’.

லண்டனில் பத்து வருஷம் கார் ஓட்டிவிட்டு லீவில் வந்த என் சிநேகிதரின் தம்பி, திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிளைரோட்டிலிருந்து மெயின் ரோட்டுக்குத் திரும்பக் காத்திருந்தார். தூரத்தில் வந்த லாரி இரண்டு தடவை விளக்கைச் சிமிட்டியது. ‘எவ்வளவு நல்ல மனுஷன்’ என்று கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு இவர் சாவகாசமாக ரோட்டில் ஏறினார். லாரி அலறி, குலுங்கி, நாலடி தள்ளி நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நல்லவேளை, கையில் ஒன்றுமில்லை.

“யோவ்! அவ்ளோ தூரத்துலேர்ந்து லைட்டு போட்டேனே, பாக்கலையா?”

“பார்த்தேன் ஸார். அதனாலதான் வந்தேன்!”